ஏழாம் பாடத்துக் குரல்

மூலேன், 16 நவம்பர் 1997

ஒடீல்,

போதுமான காலம் பேசாமல் இருந்தாயிற்று. பியானோவை உன் மகளுக்கு அம்மா எழுதி வைத்தபோது பேசவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று கல்லறை வாசலில் நீ என் கோட்டுக் காலரைச் சரிசெய்தாயே, அப்போதும் பேசவில்லை. இனிப் பேசித்தான் ஆகவேண்டும். ஏனென்றால், என்னைக் கேட்காமலே நீ என்னை ஊர் ஊராகப் பேச வைத்துக்கொண்டிருக்கிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். தெரியாதவள் போல நடிக்க உனக்கு இடம் வைக்க விரும்பவில்லை.

வாரம் முழுவதும் உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்துவது போதாதென்று சனிக்கிழமை மதியங்களில் நூலகத்து மாடியில் வெளிநாட்டவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. தனியாக இருப்பவன் சனிக்கிழமையை எங்காவது கழிக்க வேண்டுமே. சென்ற வாரம் எங்கள் பொறுப்பாளர் மதாம் பிஸ்ஸே ஒரு புதிய பெட்டியோடு வந்தார். உள்ளே கேசட்டுகள். "இதுதாங்க நமக்கு வேணும். நம்ம ஆளுங்க புஸ்தகத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டு வராங்க, ரொட்டிக் கடையில ஒரு வார்த்தை புரிய மாட்டேங்குது. இதுல இருக்கறது நெசப் பேச்சு" என்றார். உண்மைதான். 'எனக்குத் தெரியவில்லை' என்பதற்கு 'ஜு ந ஸே பா' என்று நான்கு சொற்களைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். தெருவில் அது 'ஷ்ஷேபா' என்று ஒரு தும்மலாக வந்து விழுகிறது.

பெட்டியின் மேல் உன் பெயர் இருந்தது. உன் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் ஒளிக்கவில்லை.

ஏழாம் பாடம். முதலில் தட்டுகளின் சத்தம். யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். பிறகு ஓர் ஆள்: "தெர்ல. தெர்லம்மா. போய்ட்டா. சாவிய மேச மேல வச்சுட்டுப் போய்ட்டா. என்ன பண்றதுன்னே தெர்ல." அவன் மூக்கை உறிஞ்சுகிறான். ஒரு கிழவியின் குரல்: "ரொட்டி எடுத்துக்கோடா."

பிறகு யாரோ ஒரு பெண் கணீரென்று கேட்கிறாள்: "முதல் கேள்வி. இந்த மனிதருக்கு என்ன தெரியவில்லை?"

வகுப்பில் கொத்தனார் ஒருவர் இருக்கிறார், அடெலினோ, போர்ச்சுகல்காரர். கையைத் தூக்கினார். "சாவிய எங்க வச்சார்னு தெரியல." போஸ்னியாவிலிருந்து வந்த அம்ரா, முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள், அவரை மடக்கினாள். "சாவி மேசை மேல இருக்குன்னு அவரே சொல்றாரு. காதுல சிமெண்டா? பொண்டாட்டி திரும்பி வருவாளான்னு தெரியல அவருக்கு." பின் வரிசையிலிருந்து "குடிச்சிருக்காரு" என்று இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

மதாம் பிஸ்ஸே என் பக்கம் திரும்பினார். "மிஸ்யே வோஸெல், பாதியை முழுங்கிட்டாரே இந்த மனுஷன். முழுசா எழுதிக் காட்டுங்க."

எழுதினேன், ஒடீல். கரும்பலகையில், என் கையால்: 'நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.' விழுங்கப்பட்ட எழுத்துகளைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் நிரப்பினேன். அது என் குரல் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? நான் பேசினால் ஓர் எழுத்துகூடக் கீழே விழாது.

94 ஈஸ்டர் விருந்து அது. உன் ஆராய்ச்சிக்காக மேசைப் பேச்சைப் பதிவு செய்கிறேன் என்று நீ டேப் ரெக்கார்டரை ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாய். நான் சம்மதித்தேன். ஆட்டுத்தொடை முடிந்ததும் "முடிஞ்சது, எல்லாருக்கும் நன்றி" என்று எல்லோர் முன்னாலும் அதை அணைத்தாய். சீஸ் தட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. நான் அழுதது சீஸுக்குப் பிறகு.

ஆகவே என் கேள்விகள். அணைத்த கருவி எப்படிக் கேட்டது? இத்தனை விருந்துகளில் இந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்தது யார்? அம்மா போய் ஒரு வருடம் ஆகட்டும் என்று காத்திருந்தாயா? கடைசியாக ஒன்று: சாவியை மேசை மேல் வைத்துவிட்டுப் போன ஆர்மெல் இதைக் கேட்டிருக்கிறாளா?

என் மரியாதை கலந்த வணக்கங்களை ஏற்றுக்கொள்ளவும்.

ரெஜிஸ் வோஸெல்


கிரனோபில், 23 நவம்பர் 1997

என் அருமை ரெஜிஸ்,

வரி அலுவலகத்துக்கு எழுதுவது போல முடித்திருக்கிறாய். பரவாயில்லை, எழுதினாயே. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். முழங்கால் மோசமாக இருப்பதால் இப்போதெல்லாம் எப்படியும் படியில்தான் உட்காருகிறேன்.

உனக்கு அப்படி நேர்ந்திருக்கக் கூடாது. கரும்பலகை முன்னால் உன்னை நினைத்துப் பார்த்தேன்.

எங்கள் தொழிலின் வழக்கத்தைச் சொல்கிறேன். நியாயப்படுத்துவதற்காக அல்ல, நீ கேட்டதற்காக. கருவி கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை எல்லோரும் நாக்குக்கு டை கட்டிக்கொள்வார்கள். அந்த மேசையில் ஆட்டுத்தொடை தீரும்வரை நீ பரிசளிப்பு விழாவில் பேசுவது போலப் பேசினாய். அம்மாகூட "உப்பைச் சற்று நகர்த்துவாயா" என்றாள். அம்மா, ரெஜிஸ். அதனால்தான் 'நன்றி, முடிந்தது' என்று சொல்லி அணைப்போம். பையில் இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். சீஸ் வரும்போது எல்லோரும் காலரைத் தளர்த்துவார்கள். நிஜமான பேச்சு அப்போதுதான் வரும். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். பிறகு உண்மையைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்வோம்.

நானும் கேட்டேன். அந்த ஜூன் மாதம் உனக்கு எழுதினேன். பியானோவுக்காக நீ என் கடிதங்களைப் பிரிப்பதையே நிறுத்தியிருந்தாய் என்று எனக்கு அப்போது தெரியாது. பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அது என் தவறு. பெயர்கள் வந்த இடத்தையெல்லாம் மறைத்துவிட்டேன், அதையாவது கவனித்திருப்பாய்.

கிளெமான்ஸ் தேர்வில் தேறிவிட்டாள். மாமா ஒரு வார்த்தை கேட்டாரா என்றாள். கேட்டார் என்று பொய் சொன்னேன். மேலே மலையில் பனி வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வா. விருந்துக்குச் சிப்பிகளைத் திறக்க இங்கே ஆளில்லை, போன வருடம் கையைக் கிழித்துக்கொண்டேன்.

இரண்டு கன்னத்திலும் முத்தங்களுடன்,
ஒடீல்


மூலேன், 30 நவம்பர் 1997

ஒடீல்,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். முழங்கால் இருக்கிறது, பனி இருக்கிறது, சிப்பி இருக்கிறது. நான் கேட்ட ஒரு பெயர் மட்டும் இல்லை.

முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: எழுதியவன் எதைச் சுற்றிக்கொண்டு போகிறான் என்று பார், அங்கேதான் விஷயம் இருக்கும்.

பார்த்தேன். அம்மாவின் அடக்கத்துக்கு நாந்த்திலிருந்து ஆர்மெலின் மலர்வளையம் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நேரத்தை அவளுக்குச் சொன்னது நான் இல்லை. பத்திரிகையில் அறிவிப்பு மறுநாள்தான் வந்தது. அதன் பிறகு எனக்கு ஓர் அட்டை எழுதினாள்: 'இந்த நாட்களில் உன் குரல் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.' அப்போது அதை அனுதாபம் என்று எடுத்து அலமாரியில் வைத்தேன். இப்போது வெளியே எடுத்துப் படிக்கிறேன். குரல் என்று ஏன் எழுதினாள்? முகம் என்று எழுதியிருக்கலாமே. விட்டுப்போனவர்கள் முகத்தைத்தானே நினைப்பார்கள்.

நீங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். உன் வீட்டிலா, அவள் வீட்டிலா என்பதுதான் எனக்குத் தெரியாது. 'அந்த ரெஜிஸா இப்படிப் பேசினான்' என்று அவள் சிரித்திருப்பாள். உன் ஆய்வரங்கத்தில் எல்லோர் முன்னாலும் உன் வாக்கியத்தை நான் திருத்தினேன் அல்லவா, அதற்கு நீ எடுத்துக்கொண்ட வட்டி இது.

கேசட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மதாம் பிஸ்ஸே வேறு வழியில்லாமல் வானொலிச் செய்தியைப் போட்டார். எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். அடெலினோ, "எங்க நம்ம 'தெர்ல' அண்ணாச்சி? இந்த ஆளுக்கு எல்லாமே தெரியுது, சுவாரசியமே இல்ல" என்றார். அம்ரா இடைவேளையில் என்னிடம் வந்தாள். "அவரு பொண்டாட்டி வந்தாளா, மிஸ்யே? அடுத்த பாடத்துல இருக்கா?" ஒலிப்பதிவில் அதுகுறித்துத் தகவல் ஏதும் இல்லை என்றேன். "நீங்க படிச்சவரு, விசாரிச்சுச் சொல்லுங்களேன்" என்றாள். அவள் கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் தெரிந்துகொண்டாளோ என்ற சந்தேகம் என்னை விடவில்லை.

உன் துறைத் தலைவருக்கு எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரி தயாராக இருக்கிறது. இரண்டாவது வரியை எழுத வைக்காதே. ஆர்மெல் கேட்டாளா, இல்லையா?

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன்.

ரெஜிஸ்


கிரனோபில், 12 டிசம்பர் 1997

ரெஜிஸ்,

கேட்கவில்லை. ஆர்மெல் கேட்கவே இல்லை.

அடக்கத்தின் நேரத்தை நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அம்மா அவள்மேல் உயிராக இருந்தது உனக்கும் தெரியும். மற்றபடி, உன் குரல் ஏன் நினைவுக்கு வந்தது என்று அவளைத்தான் கேட்க வேண்டும். இருபது வருடம் கேட்ட குரல் நினைவுக்கு வர கேசட் வேண்டுமா?

உன் கேள்வியை ஏன் சுற்றிக்கொண்டு போனேன் என்று சொல்கிறேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அந்த ஈஸ்டர் அன்று நீ ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு நானும் அம்மாவும் பாத்திரம் கழுவினோம். பையில் இரண்டாவது கருவி ஓடியதை அங்கேயே அவளிடம் சொல்லிவிட்டேன். ஈரக் கையோடு நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு, "ஆர்மெலுக்கு அனுப்பு இத" என்றாள்.

"முடியாதும்மா. அவன் சொல்லாம யாருக்கும் அனுப்பக் கூடாது."

"அவன் சொல்ல மாட்டான்டி. சொல்ற ஆளா இருந்தா அவ ஏன் போறா?"

நான் தட்டைத் துடைத்தேன். அவள் விடவில்லை. "அவ ஒரு நாள் இதே இடத்துல நின்னு எம் பேரச் சொல்லிக் கூப்ட்டு எங்கிட்ட சொன்னா. 'நான் ஒரு முன்னுரையோட குடும்பம் நடத்துறேன், மத்லேன், கதை வரவே மாட்டேங்குது'ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. இன்னிக்குத்தான் அவன் வாய்ல கதை வந்துது. அது அவ காதுக்குப் போகணுமா வேணாமா?"

போகக் கூடாது என்றேன். ஒரு மனிதன் தெரியாமல் அழுததை அவனை விட்டுப்போனவளிடம் கொண்டு கொடுக்க நான் யார் என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மருத்துவமனையில் கடைசி வாரமும் கேட்டாள். "அனுப்பிட்டியா?" இல்லை என்றேன். "நீயும் அவன மாதிரியேதான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உனக்கு எதிராக நான் செய்ததாக நீ நினைக்கும் காரியத்தை அம்மா கெஞ்சிக் கேட்டும் நான் செய்யவில்லை. இப்போது சில நாட்களில் செய்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. அதற்காகவும் நீ என்மேல் கோபப்படலாம்.

பிறகு ஏன் பாடத்தில் சேர்த்தாய் என்று கேட்பாய். அதை என்னால் அனுப்பவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. யார் என்றே தெரியாதவர்கள் ஒவ்வொரு மூச்சையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்களே, அங்கே இருக்கட்டும் என்று வைத்தேன். நம் குடும்பத்தில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

இனி முடிவு உன்னுடையது. பிப்ரவரியில் மறுபதிப்புப் போடுகிறார்கள். என் குரலை நீக்குங்கள் என்று நீ உன் கையால் எழுதிக் கையெழுத்திட்டு ஜனவரி முடிவதற்குள் எனக்கு அனுப்பினால், ஏழாம் பாடமே இருக்காது. எங்கும் இருக்கும் பழைய பிரதிகளையும் திரும்ப வரவழைப்பேன், மூலப்பதிவையும் அழிப்பேன். கையெழுத்து இல்லாத எதையும் நிர்வாகம் ஏற்காது. வாய்ப்பேச்சை நம்பிக் கெட்டது போதும் என்று நினைக்கிறார்கள், என் விஷயத்தில் அது நியாயம்தான். ஆனால் அழித்தால் அழித்ததுதான். என்னிடம் வேறு பிரதி கிடையாது.

ஒடீல்


கிரனோபில், 11 ஜனவரி 1998

என் அருமை ரெஜிஸ்,

புத்தாண்டு வாழ்த்துகள். ஜனவரி முழுவதும் சொல்லலாம் என்பது எவ்வளவு நல்ல வழக்கம், உன்னைப் போன்ற அண்ணன் இருப்பவர்களுக்கு. ஆரோக்கியத்தை வாழ்த்துகிறேன். மற்றதை வாழ்த்தினால் நீ உள்நோக்கம் தேடுவாய்.

சிப்பிகளைக் கிளெமான்ஸ் திறந்தாள். ரத்தம் வரவில்லை. தபால்காரர் வந்து போன பிறகும் ஒரு தடவை கீழே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒடீல்


மூலேன், 25 ஜனவரி 1998

ஒடீல்,

ஆறு வாரம் எழுதாததற்குக் காரணம் கோபம். கோபம் திசை மாறிவிட்டது, அதற்குப் புதிய இடம் தேடுவதில் நாட்கள் போய்விட்டன. நீ அனுப்பினாய் என்று குற்றம் சாட்டியிருந்தேன். நீ அனுப்பவில்லை என்று தெரிந்ததும், ஏன் அனுப்பவில்லை என்று எழுந்து நின்று கத்தினேன், சமையலறையில், தனியாக. இரண்டு குற்றச்சாட்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். பியானோவையும் மறக்கவில்லை.

நீ சொல்வதையெல்லாம் நம்பிவிட்டேன் என்று எண்ணாதே. அம்மா பேச்சு என்று நீ எழுதியதை நாலைந்து தடவை படித்தேன், எங்காவது உன் வாடை அடிக்கிறதா என்று. 'கதை வரவே மாட்டேங்குது' என்பது ஆர்மெலின் வாயேதான். அதை உன்னால் கற்பனை செய்ய முடியாது, உனக்கு நகைச்சுவை கிடையாது.

கேசட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். பெட்டியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று மதாம் பிஸ்ஸே எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார், அடெலினோவை இரண்டு தடவை கேட்டார். போர்ச்சுகல்காரர் என்றால் இரண்டு தடவை கேட்கலாம் போலிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நேற்று மறுபடி ஏழாம் பாடம் போட்டார்கள். அடெலினோ கைதட்டினார். "வந்துட்டாருப்பா நம்மாளு."

அம்ரா ஒன்று சொன்னாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் எதைக் கேட்டாலும் எல்லாவற்றையும் விழுங்கி ஒரு முனகலாகச் சொல்வாராம். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம். "எனக்கு மட்டும் புரியுது. அவரும் நம்ம ஏழாம் பாடத்து ஆளு மாதிரிதான் பேசறாரு. பயமா இருக்குன்னு சொல்றாரு, மிஸ்யே, அவ்ளோதான். நான் கைய புடிச்சுக்கறேன்." அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இதமாக இருக்கட்டும் என்று இட்டுக்கட்டினாளா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. என்னை அடையாளம் கண்டுகொண்டுதான் சொன்னாளா என்ற சந்தேகமும் இருக்கிறது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் இலக்கண சுத்தமாகக் கேட்டிருப்பேன்.

அது எப்படித் தெரியும் என்றால், புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிற சாக்கில் ஆர்மெலுக்குத் தொலைபேசியில் பேசினேன். கேசட்டைத் திரும்ப வைப்பதற்கு முன், ஒரு மணி நேரம் அதை ஓடவிட்டு, அந்த ஆள் எப்படிப் பேசினான் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எண்களைச் சுழற்றினேன். எடுத்தாள். "அட, ரெஜிஸ். எப்பிடி இருக்க?" என்றாள். உடம்பெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன், பின்னால் யாராவது ஆண் இருமுகிறானா என்றுகூட. என் வாயில் வந்தது இது: "உன் அன்பான விசாரிப்புக்கு நன்றி. உனக்கும் உன்னைச் சேர்ந்தவர்களுக்கும் இவ்வாண்டு எல்லா நலன்களையும் நல்குவதாக."

பிறகு, "நீ மாறவே இல்ல" என்றாள். கெட்ட குரலில் சொல்லவில்லை. நாந்த்தில் மழை என்றாள். இங்கேயும் மழை பெய்கிறது என்று முழு வாக்கியத்தில் சொன்னேன். வைத்துவிட்டோம்.

நீ அவளுக்கு எதையும் அனுப்ப வேண்டாம். அம்மாவின் ஆசை என்பதால்கூட வேண்டாம். உன் கையிலிருந்து அவளுக்கு என் அழுகை போய்ச் சேர வேண்டியதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், அதில் மட்டும் நீயும் நானும் ஒரே பக்கம்.

இனி நீ கேட்டது. நிர்வாகம் விரும்பும் நடையிலேயே எழுதியிருக்கிறேன்:

'கீழே கையொப்பமிட்டுள்ள ரெஜிஸ் வோஸெல் ஆகிய நான், 1994 ஈஸ்டர் அன்று என் தாயாரின் இல்லத்தில் என் அறிவின்றிப் பதிவு செய்யப்பட்ட என் குரலை, மேற்படி பாடத்தொகுப்பின் எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்குமாறும், மூலப்பதிவை அழிக்குமாறும் இதன்மூலம் கோருகிறேன்.'

நன்றாக வந்திருக்கிறது. ஒரு காற்புள்ளிகூடக் குறை சொல்ல முடியாது. உன் துறைத் தலைவர் படித்தால், படித்தவன் எழுதியது என்று புரிந்துகொள்வார்.

கீழே கையொப்பத்துக்குத் தாராளமாக இடம் விட்டேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ சிரிப்பாய் என்றும் தோன்றியது, அழுவாய் என்றும் தோன்றியது. இரண்டுக்கும் நான் பொறுப்பில்லை. கையெழுத்து இல்லாத எதையும் அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதை நான் கவனமாகப் படித்தேன்.

மழை விட்டிருக்கிறது. மூலைத் தபால்பெட்டியை நாளைக் காலையில்தான் எடுப்பார்கள். இதை இப்படியே, அடியில் பெயர் போடாமல், போட்டுவிட்டு வருகிறேன்.